28-க்கு 28: சிசு மரணக் கணக்கில் ஒரு நெருடல்

ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டது: "மத்திய அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு வயது முடிவதற்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 28. ஆணிலும் 28, பெண்ணிலும் 28. பாகுபாடு ஒழிந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இன்னும் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைக் கதையையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே?"

04.02.2023, காலை

இரண்டு 28-ம் ஒட்டி நிற்பதுதான் எனக்கு நெருடுகிறது.

பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரே எடையில், ஒரே மாதக் கணக்கில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் வார்மர் என்ற சூடூட்டும் படுக்கையில் கிடந்தால் ராத்திரி டியூட்டி சிஸ்டருக்குக் கண் எதன்மேல் இருக்கும் என்று எங்கள் ஆட்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆண் குழந்தைமேல்தான். பாசத்தினால் இல்லை, பயத்தினால். பொண்ணு கத்தி ஊரைக் கூட்டிவிடும், பையன் சத்தமில்லாமல் நீலம் பாய்வான் என்று வார்டில் ஒரு பேச்சு உண்டு.

பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சுவீடன், ஜப்பான், இலங்கை, எங்கே எடுத்தாலும் முதல் வருடத்தில் ஆண் குழந்தைகள்தான் கூடுதலாக இறக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கவனிப்பு கிடைத்தால் ஆண் எண் கொஞ்சம் மேலேயும் பெண் எண் கொஞ்சம் கீழேயும் நிற்க வேண்டும். இங்கே சமமாக நிற்கிறது என்றால், பிழைத்திருக்க வேண்டிய பெண் குழந்தைகள் சில அந்த 28-க்குள் இருக்கின்றன.

அதே 2020 கணக்கில் ஐந்து வயதுக்கு உட்பட்டோர் இறப்பு வரியையும் பாருங்கள். ஆண் 31, பெண் 33. பலத்தோடு பிறந்தவள் எங்கேயோ வழியில் பின்தங்குகிறாள்.

04.02.2023, இரவு

"ஆண் பலவீனம் என்பதற்கு உடம்பில் காரணம் காட்டுங்கள், வார்டுப் பேச்சு வேண்டாம்" என்கிறார் ஒரு தம்பி. சரி.

முதலில் நுரையீரல். மூச்சு விடும்போது நுரையீரலின் சின்னச் சின்ன அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வழவழப்பான ஒரு பொருள் சுரக்க வேண்டும். சர்ஃபாக்டன்ட் என்பார்கள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவுக்கு வரும். ஆண் சிசுவில் ஆண் ஹார்மோன் அந்தச் சுரப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. அதனால் 32 வாரத்தில் பிறக்கும் பையனுடைய நுரையீரல், அதே 32 வாரத்துப் பெண்ணுடையதைவிடப் பிஞ்சு. மூச்சுத்திணறல் அவனுக்கு அதிகம். போதாததற்குக் குறைமாதத்தில் பிறப்பதிலும் ஆண் குழந்தைகளின் பங்கு சற்றே கூடுதல்.

அடுத்தது எக்ஸ் குரோமோசோம். நோய் எதிர்ப்புக்கு வேண்டிய மரபணுக்கள் பல அதில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்றில் கோளாறு இருந்தால் இன்னொன்று தாங்கும். ஆணுக்கு ஒன்றுதான். ஜி-6-பிடி குறைபாடு என்று ஒன்று உண்டு. பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை ஏறி மூளை வரை போகக்கூடியது. பெரும்பாலும் பையன்களுக்கு வருவது இந்தக் காரணத்தால்தான். ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் ஆண் குழந்தைகளுக்கு அதிகம்.

மூன்றாவது, தலை. ஆண் குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியில் கொஞ்சம் பெரிது. பிரசவம் இழுத்துக்கொண்டு போவதும், நடுவில் மூச்சு முட்டுவதும் அங்கே கூடும். "ஆம்பளப் புள்ள, அதான் இப்படிப் படுத்துது" என்று ஆயாம்மா சொல்வதை எவ்வளவோ தடவை கேட்டிருக்கிறேன். ஸ்கேன் பார்க்காமல் அப்படிச் சொல்லி அவர் தோற்ற கதைகளும் உண்டு.

எல்லாமே ஆணுக்குப் பாதகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டையோடும் மூளையும் முழுசாக உருவாகாமல் பிறக்கும் குறை பெண் சிசுக்களில்தான் அதிகம். கூட்டிக் கழித்தால்தான் தராசு ஆண் பக்கம் சாய்கிறது.

05.02.2023

நுரையீரல் பற்றி எழுதியதும் பலர் தனித்தனியாகக் கேட்டதால் இது.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் என்று பெயர். ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன், எடை 2.1 கிலோ. இன்றைக்கு எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் அந்த எடைக்குப் பெரிதாக யாரும் பதறமாட்டார்கள். அவன் 39 மணி நேரத்தில் போய்விட்டான். அமெரிக்க அதிபரால் வாங்க முடியாத சிகிச்சை என்று அன்றைக்கு எதுவும் இல்லை, இதற்குத்தான் சிகிச்சையே இல்லை. சர்ஃபாக்டன்ட் இல்லாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரி கண்டுபிடித்துச் சொல்லி அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. பசுவின் நுரையீரலிலிருந்து அதை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பிழைக்க வைத்ததை ஜப்பானியர் ஃபுஜிவாரா 1980-ல் வெளியிட்டார்.

அதற்கு முன்னாலேயே, 1972-ல், நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவீ என்ற இருவர் வேறு வழி காட்டிவிட்டார்கள். குறைமாத வலி எடுத்த தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றுக்குள் இருக்கும்போதே குழந்தையின் நுரையீரல் பழுக்கும். லிகின்ஸ் இதை முதலில் ஆடுகளிடம் கவனித்தார். ஊசி மலிவானது. ஆனால் உலகம் முழுக்க வழக்கத்துக்கு வர இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. வலி எடுத்து வரும் தாயை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது "டெக்ஸா போட்டாச்சா", அதாவது அந்த ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா என்று கேட்பதுதான் கடைசி வருடங்களில் என் முதல் கேள்வி.

05.02.2023, மாலை

ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்பது உண்மையா என்று கேட்டவருக்கு: பொய். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம். எட்டு மாதம் ஏழைவிட நல்லது, ஒன்பது எட்டைவிட நல்லது. பழைய கிரேக்க வைத்தியர்களும் நம் பாட்டிகளைப் போலவே நம்பினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் "ஏழு மாசத்துலயே பொறந்து எவ்வளவு தெம்பா இருக்கான் பாரு" என்று காட்டப்பட்ட சில குழந்தைகள் மூன்று கிலோ எடை இருந்தன. கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் புரியும். அதற்குமேல் நான் சொல்லமாட்டேன்.

08.02.2023

முதல் குறிப்பை எழுதிய பிறகு மண்டையில் ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது. ஆண் எண் "கொஞ்சம்" மேலே இருக்க வேண்டும் என்றேன். அந்தக் கொஞ்சம் எவ்வளவு?

எல்லாக் காலத்துக்கும் பொதுவாக ஒரு அளவு கிடையாது. ஐலீன் கிரிமின்ஸும் சிலரும் சேர்ந்து பதினைந்து பணக்கார நாடுகளின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். 1751 வாக்கில் ஆண் சிசு இறப்பு பெண்ணைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம். அது ஏறி ஏறி 1970 வாக்கில் 30 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கப்புறம்தான் இறங்க ஆரம்பித்தது.

ஏன் ஏறியது என்பதுதான் விஷயம். வயிற்றுப்போக்கும் தொற்றும் கும்பலாக அள்ளிக்கொண்டு போன காலத்தில் ஆண், பெண் இருவரும் சேர்ந்தே போனார்கள். நல்ல தண்ணீர், தடுப்பூசி, உணவு என்று வர வர அந்தச் சாவுகள் குறைந்தன. மிச்சம் நின்றவை குறைமாதமும் பிரசவத்தில் மூச்சுமுட்டலும். அங்கேதானே பையன் பலவீனம். அதனால் மொத்தச் சாவு குறைந்தபோதே ஆண், பெண் இடைவெளி விரிந்தது. பிறகு சிசேரியனும் தீவிர சிகிச்சை வார்டும் வந்து பையன்களைத் தூக்கிவிட, இடைவெளி சுருங்கியது.

இந்தியாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நம் ஊரில் 1971-ல் சிசு இறப்பு 129. 2020-ல் 28. அந்த 28-ல் 20 சாவு பிறந்த 28 நாளுக்குள், அதிலும் 15 சாவு பிறந்த ஒரு வாரத்துக்குள். அதாவது நம் நாட்டிலும் சாவு முதல் வாரத்துக்குள் ஒதுங்கிவிட்டது. கணக்குப்படி ஆண், பெண் இடைவெளி நன்றாக விரிந்திருக்க வேண்டிய கட்டம் இது. விரியவில்லை. ஆக, என் நெருடல் இப்போது முன்பைவிடக் கூடியிருக்கிறது.

08.02.2023, இரவு

"ஆஸ்பத்திரிக் கணக்கே பொய், அதில் என்ன ஆராய்ச்சி?" என்கிறார் ஒருவர். மாதிரிப் பதிவு ஆஸ்பத்திரிக் கணக்கு இல்லை ஐயா. தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் ஒருவர் தொடர்ந்து பிறப்பு, இறப்பு எழுதிவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் வீடு வீடாகப் போய்த் தனியாகக் கணக்கெடுப்பார். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாததை மறுபடி போய் விசாரிப்பார்கள். விட்டுப்போவது கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் நம் நாட்டில் இதைவிட நம்பகமான வருடாந்தரக் கணக்கு கிடையாது.

11.02.2023

உசிலம்பட்டிக் கதை என்றாரே, அதற்கு வருகிறேன்.

உசிலம்பட்டி பத்திரிகைகளில் அடிபட்டது 1986-ல். ஊர் பெயர் நாறியது. ஆனால் அந்த ஒரு ஊரோடு நிற்கவில்லை. சேலம், தர்மபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல், வட ஆற்காடு என்று நீண்ட பட்டை அது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை வைத்து 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தப் பதிவேடுகளில் இறப்புக்குக் காரணம் எழுதும் இடத்தில் "சமூகக் காரணம்" என்று இருந்தது. யாரோ ஒரு நர்ஸ், பொய்யும் எழுத மனமில்லாமல் உண்மையையும் எழுத முடியாமல் கண்டுபிடித்த வழி அது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வார்டுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் கிராம சுகாதார நர்ஸாகவும் இருந்தேன். ஊரைச் சொல்லமாட்டேன். பிரசவமாகி நாலைந்து நாள் கழித்து பச்சை உடம்புக்காரியைப் பார்க்கப் போவோம். ஒரு வீட்டில் திண்ணையிலேயே மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"குழந்தையைக் காட்டுங்கம்மா, எடை பார்க்கணும்."

"தவறிடுச்சு."

"எப்போ?"

"முந்தாநாள்."

"என்ன பண்ணுச்சு?"

"மாந்தம்."

மூன்று நாள் குழந்தைக்கு மாந்தம். மூன்றே கால் கிலோ எடையில், வீல் என்று அழுது பிறந்த குழந்தை. அந்தத் தாய்க்கு அது மூன்றாவது பெண். உள்ளே அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள், மார்பில் பால் கட்டிக் காய்ச்சல். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது மாமியாருக்கும் தெரியும்.

இறப்பு நாளைப் பாருங்கள். குறைமாதக் குழந்தை சாவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில். இந்தப் பெண் குழந்தைகளும் அதே முதல் வாரத்தில்தான் போனார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். ஆணும் பெண்ணும் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு தலைகீழாக நிற்பது தெரியும். அந்த மாவட்டங்களில் முதல் மாதத்திலேயே பெண் இறப்பு ஆணைத் தாண்டியது. உடம்புக் கூறு எதுவும் அதைச் செய்யாது.

11.02.2023, பத்து நிமிடம் கழித்து

எந்தச் சாதி என்று கேட்டு வரும் செய்திகளுக்குப் பதில் எழுதமாட்டேன். அந்தப் பட்டையில் பல சாதிகளில் நடந்தது. வட ஆற்காட்டில் கே.வி.குப்பம் பக்கத்தில் நடந்து 1992-ல் வெளியான ஆய்வில் சில கிராமங்களில் இது நடந்திருக்கிறது, பக்கத்திலேயே சில கிராமங்களில் அறவே இல்லை. கள்ளிப்பால் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அதைப் பற்றி ஏற்கெனவே தேவைக்குமேல் எழுதிவிட்டார்கள்.

13.02.2023

கோவைக்காரர் ஒருவர்: "இதெல்லாம் படிக்காத ஜனங்கள் செய்தது. பெண்கள் படித்துவிட்டால் தானாகச் சரியாகும்."

எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். மோனிகா தாஸ் குப்தா பஞ்சாபில் லூதியானா மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்து 1987-ல் எழுதியதைப் படித்தபின் அந்த ஆசை கொஞ்சம் அடங்கியது. எல்லாப் பெண் குழந்தையும் ஒரே மாதிரி ஒதுக்கப்படவில்லை. முதல் பெண் ஏறக்குறையப் பையனைப் போலவே வளர்ந்தாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கும்போது அடுத்துப் பிறந்த பெண்தான் இறந்தாள். இளம் வயது, படித்த தாய்மார்களிடம் இந்த வித்தியாசம் குறையவில்லை, கூடித்தான் இருந்தது. படித்தவள் இரண்டு பிள்ளைக்குமேல் வேண்டாம் என்று தீர்மானிக்கிறாள். இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்று பையனுக்கு என்று குடும்பமே எதிர்பார்க்கும்போது இரண்டாவது பெண்ணுக்கு இடமில்லை.

கே.வி.குப்பம் பக்கமும் அப்படித்தான். முதல் பெண்ணைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். என்னுடைய திண்ணை மாமியார் வீட்டில் முதல் பேத்தி பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். பாட்டி மடியில்தான் சாப்பாடு. அந்த அம்மாவை அரக்கி என்று எழுதிவிட்டால் எனக்கும் வேலை சுலபம். ஆனால் அவர் அரக்கி இல்லை.

17.02.2023

இப்போது கொலை எல்லாம் அரிது, சரி. பிறகு 28-க்கு 28 எப்படி வருகிறது? என் பதில்: தாமதம். பெண் குழந்தைக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாக நடக்கிறது.

மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதல்லவா, எஸ்.என்.சி.யு. இந்தியா முழுக்க அங்கே சேர்க்கப்படும் குழந்தைகளில் பெண் 41 சதவீதம்தான் என்று 2017 கணக்கை வைத்து யுனிசெஃப் சொன்னது. ஆண்களைவிட ஒன்றரை லட்சம் பெண் குழந்தைகள் குறைவாக வந்திருக்கிறார்கள். படுக்கை இலவசம், மருந்து இலவசம், ஆம்புலன்ஸ் இலவசம். அப்படியும்.

எங்கள் வார்டில் இதைப் பேரேட்டின் கடைசிப் பத்தியில் பார்க்கலாம். "உறவினர் விருப்பத்தின் பேரில்" என்று எழுதியிருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவது. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், வென்டிலேட்டர் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பையனைப் பெற்ற குடும்பம் "எங்கே வேணாலும் போறோம்" என்று நிற்கும். பெண் என்றால் ஒரு மௌனம் வரும். யாரும் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். "வீட்ல கலந்துக்கிட்டு வர்றோம் சிஸ்டர்." வெளியே வேப்பமரத்தடியில் போய் நிற்பார்கள். வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கிறது, அறுவடை நேரம், யார் கூட இருப்பது. எல்லாமே உண்மையான காரணங்கள். பையனாக இருந்திருந்தால் அதே காரணங்கள் ஒரு மணி நேரத்தில் கரைந்திருக்கும்.

வயிற்றுப்போக்கு, நிமோனியாவிலும் இதே கதைதான். இரண்டுமே சீக்கிரம் பார்த்தால் பிழைக்க வைக்கக்கூடியவை. ஒன்றுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், மற்றதற்கு ஆன்டிபயாடிக். மூச்சு வாங்கும் குழந்தையை இன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் நாளை மறுநாள் போவதற்கும் நடுவில்தான் உயிர் இருக்கிறது.

17.02.2023, இரவு

41 சதவீதத்தை அப்படியே பாகுபாட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பிறப்பிலேயே ஆண் கொஞ்சம் அதிகம். உலகச் சராசரி 100 பெண்ணுக்கு 105 ஆண், இந்தியாவில் அதற்கும் மேலே. அதோடு பையன்களுக்குத்தான் நோய் அதிகம் என்று நானே மேலே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆக, பாதிக்குப் பாதி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. 41-க்கும் 50-க்கும் நடுவில் எங்கேயோ நியாயமான எண் இருக்கிறது. மிச்சம்தான் வேப்பமரத்தடி.

18.02.2023

வேப்பமரம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். எந்த அரசு ஆஸ்பத்திரியில் இல்லை?

20.02.2023

கெட்ட எண்ணமே இல்லாமலும் பெண் பின்தங்கலாம் என்பதற்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் தாய்ப்பால். சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ என்ற பொருளாதாரக்காரர்கள் 2011-ல் இந்தியக் குடும்பநலக் கணக்கெடுப்பை வைத்து எழுதினார்கள். பெண் குழந்தைக்குப் பையனைவிடச் சீக்கிரம் தாய்ப்பால் நின்றுவிடுகிறது. பெண் என்பதால் பாலை மறுக்கிறாள் தாய் என்று இதற்குப் பொருள் இல்லை. பையன் வேண்டும் என்று அடுத்த பிரசவத்துக்கு அவசரம். பால் கொடுத்துக்கொண்டிருந்தால் கரு தங்குவது தள்ளிப்போகும். அதனால் நிறுத்துகிறாள், அல்லது அடுத்தது தங்கியதும் தானாக நிற்கிறது. தண்ணீர் சுத்தமில்லாத ஊரில் பால் நின்ற குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வாசலிலேயே காத்திருக்கும்.

பால் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது. சேனை வைக்கத் தாய்மாமன் வரும் வரை குழந்தையைப் பட்டினி போடுவது. அப்புறம் தெருவில் "கழுதைப்பாலே" என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு சங்கு வாங்கி ஊற்றுவது. பச்சையாக, காய்ச்சாமல். இதில் மட்டும் நம் ஜனங்கள் ஆண், பெண் பார்ப்பதில்லை. உண்மையில் பையனுக்குத்தான் கழுதைப்பால் கூடுதலாகக் கிடைக்கும், விலை அதிகம் அல்லவா.

22.02.2023

தொட்டில் குழந்தைத் திட்டம் பற்றி. 1992-ல் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கினார். "கொல்லாதே, எங்களிடம் கொடு" என்பதுதான் அதன் சாரம். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி பக்கமெல்லாம் போனது. பெண்ணைப் பெற்றவன் கைகழுவ அரசாங்கமே வாசல் திறந்துவிட்டது என்று அப்போதே விமர்சனம் உண்டு. விமர்சனம் தப்பில்லை. ஆனால் எதிரே இருந்தது நல்ல குடும்பமா தொட்டிலா என்ற கேள்வி இல்லையே. மூன்றாம் நாள் மாந்தமா தொட்டிலா என்பதுதான் கேள்வி. நான் தொட்டில் பக்கம்.

தர்மபுரியில் 90களின் கடைசியில் கலைப்பயணம் என்று தெருக்கூத்து, நாடகமெல்லாம் ஊர் ஊராகப் போனது. நல்ல கூட்டம். நாடகத்தில் மாமியார் வேடம் போட்டவரைப் பார்த்துச் சில ஊர்களில் கிழவிகளே திட்டினார்கள் என்று என் சிநேகிதி சொல்லுவாள்.

25.02.2023

ஈரோட்டுக்காரர் மறுபடி வந்திருக்கிறார்: "தமிழ்நாட்டில் 2020-ல் 13 தானே? மத்தியப் பிரதேசம் 43. நம்மைப் போய் ஏன் திட்டுகிறீர்கள்?"

திட்டவில்லை. 13 என்பது சின்ன விஷயமில்லை, அதில் எங்கள் ஆட்களின் முதுகுவலியும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ் போட்டு இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் பார்த்தது, 108 வண்டி, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிக்கு உதவித்தொகை, எல்லாம் சேர்ந்து வந்தது. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியதே திண்ணைச் சாவைப் பாதி ஒழித்தது. எடை போட்டு, கையில் பட்டை கட்டி, பதிவெண் கொடுத்து அனுப்பிய குழந்தையை மூன்றாம் நாள் "தவறிடுச்சு" என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. கேரளம் 6 என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பெருமைப்படுங்கள்.

ஆனால் ஒன்று. சிசு இறப்பு விகிதம் உயிரோடு பிறந்த குழந்தைகளை மட்டுமே எண்ணுகிறது. ஸ்கேனில் பெண் என்று தெரிந்து கலைக்கப்பட்ட கரு இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 849 பெண்கள். பத்து வருடம் தொட்டிலும் பிரசாரமும் நடந்த பிறகு 2001-ல் 851. முதல் வாரச் சாவு குறைந்தும் எண் அசையவில்லை என்றால், அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? பாலினம் கண்டறியத் தடைச் சட்டம் 1994-லேயே வந்தாயிற்று. 2011-ல் சேலம் 900-ஐத் தாண்டியது, நல்லது. அதே 2011-ல், இந்தப் பேச்சிலேயே அடிபடாத கடலூர் 896-ல் நின்றது. பெண் சிசு இறப்பு விகிதம் இறங்குவதற்குக் கருவிலேயே கழிப்பதும் ஒரு வழிதான். வேண்டாத பெண் பிறக்கவே இல்லையென்றால், பிறந்தவளுக்குக் கவனிப்பு கிடைக்கும், விகிதம் அழகாக இறங்கும்.

இதனால்தான் சமமான இரண்டு எண்ணைக் காட்டி யாராவது சிரித்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

26.02.2023

நேற்று சூடாக எழுதிவிட்டேன், ஒரு பழைய வேடிக்கை.

ஆண் அதிகம் பிறப்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் லண்டன் துணி வியாபாரி ஜான் கிராண்ட். 1662-ல் 13 பெண்ணுக்கு 14 ஆண் என்று எழுதினார். பிறகு 1710-ல் ஆர்பத்நாட் என்ற டாக்டர் 82 வருட ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்தார். ஒரு வருடம் தவறாமல் ஆண்தான் அதிகம். தற்செயலாக 82 தடவை இப்படி விழாது, ஆகவே இது கடவுளின் ஏற்பாடு என்றார். ஆண்கள் வெளியே போய் ஆபத்தில் சாவார்கள், கல்யாண வயதில் ஜோடி சரியாக அமைய வேண்டும் என்று ஆண்டவன் முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறானாம். புள்ளியியல்காரர்கள் இந்தக் கட்டுரையை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆண்டவன் போட்ட கணக்கை நாம் ஸ்கேன் வைத்துத் திருத்தியதில் இன்றைக்கு ஹரியானா பக்கம் பெண் தேடி வேறு மாநிலம் போகிறார்கள்.

02.03.2023

தங்கைக்கு 1.6 கிலோவில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டுக்கு வந்த பின் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தவருக்கு. மாமா என்ற உரிமையில் கேட்டிருக்கிறீர்கள், அதுவே பாதி பலம்.

பால் குடிக்க மறுப்பது, தூங்கியே கிடப்பது, உடம்பு சில்லென்று இருப்பது அல்லது சுடுவது, மூச்சு வேகமாக ஓடுவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது, வலிப்பு, மஞ்சள் நிறம் கை கால் வரை இறங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கலந்து பேச வேண்டாம். தொப்புளில் மண்ணும் சாம்பலும் எண்ணெயும் வேண்டாம். எடை ஏறும்வரை குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள்.

முக்கியமாகக் கங்காரு முறை. தாயின் நெஞ்சோடு குழந்தையின் வெற்று உடம்பை ஒட்டிக் கட்டிவைப்பது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் எட்கார் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. 2021-ல் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த சோதனை முடிவு வந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியதில் சாவு கால்வாசி குறைந்தது. மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம்.

03.03.2023

ஆமாம், கங்காரு முறையை அப்பாவும் செய்யலாம். சட்டை, பனியன் இரண்டையும் கழற்ற வேண்டும். நெஞ்சு முடி இருந்தால் ஒன்றும் ஆகாது, அதை எல்லோரும் கேட்கிறார்கள். குளித்துவிட்டு, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அதை விட்டுவிட்டு, செல்போனை வெளியே வைத்துவிட்டு உட்காரவும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல்.

அசையாமல் உட்கார ஆண்களால் முடியாது என்று தங்கை சொன்னாராம். பெண் பிறந்ததற்காக வார்டுக்கே வராமல் முரண்டு பிடித்த ஒருவரை நாங்கள் ஏமாற்றி ஒருநாள் உட்கார வைத்தோம். மறுநாளிலிருந்து அவரை எழுப்பிவிட்டு நாற்காலியை அடுத்த ஆளுக்கு வாங்குவதுதான் எங்களுக்குப் பெரிய சண்டை.